ரூத் கார்டோசோ: இயக்கங்களை ஆராய்ந்தவர் அரசுக்குள் சென்றபோது

சமூக இயக்கங்களை ஆராய்கின்ற புலமையாளர்கள் அநேகமாக அரசாங்கத்திற்கு வெளியே நின்று அதனை விமர்சிப்பவர்கள். அரசாங்கத்தின் சமூகநலத் திட்டங்களை வகுப்பவர்களோ இயக்கங்களை ஒரு தொல்லையாகவே நோக்குபவர்கள். இவ்விரு உலகங்களிலும் வாழ்ந்து, முதலாவதில் கற்றதை இரண்டாவதில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியிருக்கிறது. பிரேசில் நாட்டின் மானிடவியல் பேராசிரியை ரூத் கார்டோசோ அந்தச் சிலரில் ஒருவர்.

அவர் 2008 ஜூன் 24 ஆம் திகதி சாவோ பவுலோ நகரில் தமது 77 ஆவது வயதில் காலமானபோது, செய்தி நிறுவனங்கள் அனுப்பிய குறிப்பு 'பிரேசிலின் முன்னாள் ஜனாதிபதி பெர்னாண்டோ ஹென்றிக் கார்டோசோவின் மனைவி' என்றே ஆரம்பித்ததாக எனக்கு நினைவிருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் இது வழமையானதுதான். ஒரு பெண்மணி எத்தனை நூல்கள் எழுதியிருந்தாலும், எத்தனை மாணவர்களை உருவாக்கியிருந்தாலும், ஆட்சியாளர் ஒருவரின் துணைவி என்ற அடையாளமே தலைப்புக்குள் இலகுவில் அடங்கும். 'முதற் பெண்மணி' என்ற அந்தப் பட்டத்தைத்தான் தமது வாழ்நாளில் ரூத் கார்டோசோ விரும்பாது ஒதுக்கிவந்தார். அது வெறும் தன்மானப் பிரச்சினை அல்ல. அதன் பின்னால் வறுமை, உதவி, உரிமை ஆகியவை பற்றிய ஒரு முழுமையான கருத்துநிலை இருந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு அவரது ஆய்வு வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.

அரரக்குவாராவில் இருந்து

1930 செப்டெம்பர் 19 ஆம் திகதி சாவோ பவுலோ மாநிலத்தின் உட்பகுதி நகரான அரரக்குவாராவில் பிறந்த ரூத், சாவோ பவுலோ பல்கலைக்கழகத்தின் தத்துவ, விஞ்ஞான, இலக்கிய பீடத்தில் கற்றுப் பட்டம் பெற்றவர். 1934 இல் நிறுவப்பட்ட இந்தப் பீடத்தின் ஆரம்ப ஆசிரியர்களில் குளோட் லெவி-ஸ்ட்ரோஸ், ரொஜர் பஸ்தீத் போன்ற பிரெஞ்சு அறிஞர்கள் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1953 இல் அவர் தமது சக மாணவரான பெர்னாண்டோ ஹென்றிக்கை மணந்தார்.

அவருடைய முதலாவது பெரும் ஆய்வு, பிரேசிலில் குடியேறிய ஜப்பானியர்களைப் பற்றியது. 1908 ஜூன் மாதத்தில் 'கசாட்டோ மாரு' என்ற கப்பல் 781 ஜப்பானியர்களை சந்தோஸ் துறைமுகத்தில் இறக்கியது. கோப்பித் தோட்டங்களில் கூலிகளாக வேலைசெய்ய வந்த அவர்களின் சந்ததியினர் இரண்டு தலைமுறைகளுக்குள் சொந்த நிலம், வர்த்தகம், பல்கலைக்கழகக் கல்வி என உயர்ந்துவிட்டனர். குடியேறியவர்கள் தமது பழைய குடும்ப அமைப்பையும் சங்கங்களையும் எவ்வளவு விரைவாகக் கைவிடுகிறார்களோ அவ்வளவு விரைவாக முன்னேறுவர் என்பதே அன்றைய பொதுவான கருத்தாக இருந்தது. 1972 இல் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வில் ரூத் இக்கருத்தை மறுதலித்தார். ஜப்பானியக் குடும்பத்தின் கூட்டு உழைப்பும் உள்ளக ஒழுங்குமே அவர்களது உயர்ச்சிக்கான மூலதனமாக அமைந்தன என்று அவர் காட்டினார். எளிய மக்கள் வெறுங்கையுடன் இருப்பவர்கள் அல்லர். அவர்களிடம் ஏற்கெனவே உறவுகளும் ஒழுங்கமைப்பும் உண்டு. வெளியில் இருந்து வருபவர் முதலில் அவற்றைக் காணப் பழக வேண்டும். இந்தப் பாடம் அவரது பிற்காலப் பணிகள் எல்லாவற்றிலும் தொடர்ந்தது.

ஆனால், அந்த ஆய்வு நிறைவுபெறுவதற்கு முன்னர் நாட்டின் வரலாறு குறுக்கிட்டது. 1964 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் பெர்னாண்டோ ஹென்றிக் கைதாகும் ஆபத்திலிருந்து தப்பி சிலியைச் சென்றடைந்தார். ரூத்தும் பிள்ளைகளுடன் சந்தியாகோ நகருக்குச் சென்றார். பின்னர் சிறிது காலம் பிரான்சில் வாழ்ந்து, 1968 இல் தாயகம் திரும்பினர். அந்த ஆண்டு டிசெம்பரில் இராணுவ ஆட்சி பிறப்பித்த ஐந்தாம் இலக்க நிறுவனச் சட்டம் எஞ்சியிருந்த சுதந்திரங்களையும் பறித்தது. 1969 இல் பெர்னாண்டோ ஹென்றிக் உட்படப் பல பேராசிரியர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டனர். வெளியேற்றப்பட்டவர்கள் ஒன்றுகூடி அதே ஆண்டில் 'செப்ராப்' என்ற ஆய்வு நிலையத்தை நிறுவினர். ரூத் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலைத் தொடர்ந்தார்.

புறநகரின் தாய்மார்

அந்நாட்களில் பிரேசிலின் பொருளாதார வளர்ச்சியை இராணுவ ஆட்சியாளர்கள் ஓர் 'அற்புதம்' என்று வர்ணித்தனர். வடகிழக்கின் வரண்ட பிரதேசங்களில் இருந்து இலட்சக்கணக்கானோர் சாவோ பவுலோவை நோக்கி வந்தனர். நகரின் விளிம்பில் வாங்கிய சிறு காணித்துண்டுகளில், ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே கல் அடுக்கி வீடு கட்டிக்கொண்டனர். அங்கே குழாய்நீர் இல்லை, வடிகால் இல்லை, பஸ் இல்லை, மருத்துவ நிலையம் இல்லை. செப்ராப் நிலையம் சாவோ பவுலோ மறைமாவட்டத்தின் வேண்டுகோளின் பேரில் மேற்கொண்டு 1976 இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் மிகச் செல்வந்த நகரில் வளர்ச்சி உச்சத்தில் இருந்த காலத்திலேயே சிசு மரண வீதம் அதிகரித்திருந்தது என்ற உண்மையை அம்பலப்படுத்தியது. அவ்வாண்டிலேயே செப்ராப் அலுவலகம் குண்டுத்தாக்குதலுக்கு உள்ளானது.

கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முடக்கப்பட்டிருந்த அவ்வேளையில் கத்தோலிக்க ஆலயங்களின் மண்டபங்களில் வேறொன்று முளைவிட்டது. தையல் பழகவும் சமையல் பேசவும் கூடிய 'தாய்மார் கழகங்கள்' அரிசி, பயறு ஆகியவற்றின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கின. அவற்றில் இருந்து உருவான 'வாழ்க்கைச் செலவு இயக்கம்' விலைக்கட்டுப்பாடும் சம்பள உயர்வும் கோரி வீடு வீடாகச் சென்று சுமார் 13 இலட்சம் கையொப்பங்களைத் திரட்டியது. 1978 ஆகஸ்ட் 27 ஆம் திகதி நகரின் மத்தியில் உள்ள பேராலயச் சதுக்கத்தில் அந்த மனு பகிரங்கப்படுத்தப்பட்டபோது பொலிஸார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டனர். தலைநகர் பிரேசிலியாவுக்கு மனுவைக் கொண்டுசென்ற தூதுக்குழுவை ஜனாதிபதி கைசெல் சந்திக்கவில்லை. நகரின் கிழக்கு வலயத்தில் இன்னொரு பெண்கள் குழாம், தமது பகுதிக்கு வந்த சுகாதார நிலையத்தைக் கண்காணிக்க மக்களே தெரிவுசெய்த சபையொன்றை 1979 இல் அமைத்தது. குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களுக்கான போராட்டமும் அக்காலத்திலேயே ஆரம்பமாகியது.

இவற்றையெல்லாம் ரூத்தும் அவரது சகாவான மானிடவியலாளர் யூனிஸ் டர்ஹமும் அவர்களுடைய மாணவர்களும் நேரில் சென்று ஆராய்ந்தனர். பழங்குடிக் கிராமங்களை ஆராய்வதற்கென உருவான துறையொன்று மாநகரத்தின் விளிம்புக்குப் பெயர்ந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற தெரேசா கல்தெய்ரா அந்த மாணவர் தலைமுறையைச் சேர்ந்தவர். ரூத்தின் கட்டுரைகளைத் தொகுத்து 2011 இல் நூலாக வெளியிட்டவரும் அவரே.

உற்சாகத்திற்கு இடையே ஒரு கேள்வி

அன்றைய அறிவுலகம் இந்த இயக்கங்களை மிகுந்த உற்சாகத்துடன் வரவேற்றது. மக்கள் தாமாகவே எழுந்துவிட்டார்கள். அரசுக்கு எதிராக ஒரு புதிய சக்தி பிறந்துவிட்டது. கட்சிகளின் பழைய தரகு அரசியல் முடிவுக்கு வருகிறது என்று பலரும் எழுதினர். இராணுவ ஆட்சியில் மூச்சுத்திணறிய ஒரு தலைமுறை அவ்வாறு நம்ப விரும்பியதில் வியப்பில்லை.

ரூத் அந்த நம்பிக்கையின் எதிரி அல்லர். ஆயினும், 1983 இல் வெளியான 'நகர்ப்புறச் சமூக இயக்கங்கள்: ஒரு விமர்சனபூர்வ மதிப்பீடு' என்ற கட்டுரையில் அவர் எழுப்பிய கேள்விகள் பலரைச் சங்கடப்படுத்தியிருக்கும். இந்தக் கட்டுரைதான் அவரது எழுத்துக்களில் மிக முக்கியமானது என்பது எனது அபிப்பிராயம்.

ஆய்வாளர்கள் இயக்கத்தின் முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். அது யாரை நோக்கிப் பேசுகிறதோ அந்த அரசைப் பார்ப்பதில்லை என்பது அவரது முதலாவது வாதம். அரசு என்பதை ஒரே கல்லால் ஆன கோட்டையாகக் கற்பனை செய்துகொண்டால், குழாய்நீர் கேட்டுச் செல்லும் பெண்கள் அந்தக் கோட்டையைத் தகர்க்கச் செல்பவர்களாகத் தோன்றுவர். உண்மையில் அவர்கள் செல்வது ஒரு குறிப்பிட்ட திணைக்களத்தின் ஒரு குறிப்பிட்ட அதிகாரியிடம். அந்தத் திணைக்களமும் அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. சேவைகளை விரிவாக்கவும் மக்களோடு பேசவும் அதற்கும் காரணங்கள் இருந்தன. இராணுவ அரசு ஒடுக்கியது. அதேவேளை, நலச்சேவைகளை வழங்கும் அரசாகவும் அது வளர்ந்தது. இயக்கங்கள் பிறந்தது இந்த இரண்டு போக்குகளுக்கும் நடுவில்தான்.

இயக்கங்களின் உள்ளடக்கம் பற்றியது இரண்டாவது வாதம். ஒரு பேட்டையில் தண்ணீர் இல்லாமை எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுவான இல்லாமையே அங்கு ஒருவித சமத்துவத்தை உருவாக்குகிறது. பேசிப் பழகாத பெண்ணும் அங்கே எழுந்து பேசுகிறார். தாம் கேட்பது தயவு அல்ல, உரிமை என்று உணர்கிறார். இது உண்மையான அரசியல் மாற்றம். ஆனால், அந்த ஒற்றுமையின் எல்லை பெரும்பாலும் அந்தப் பேட்டையின் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஒரே வரவுசெலவுத் திட்டத்தின் பணத்துக்காக ஒரு பேட்டை மற்றப் பேட்டையோடு போட்டியிட நேர்கிறது. தனித்தனி வெற்றிகளின் கூட்டுத்தொகை தானாகவே நாட்டின் கொள்கையாக மாறிவிடாது.

மூன்றாவது வாதம் ஆய்வாளர்களையே நோக்கியது. ரூத் தொகுத்து 1986 இல் வெளிவந்த 'மானிடவியல் சாகசம்' என்ற நூலில் அவரும் யூனிஸ் டர்ஹமும் ஓர் ஆபத்தைச் சுட்டிக்காட்டினர். பங்குபற்றி அவதானிப்பதற்காகச் சென்றவர்கள், அவதானிப்பதைக் கைவிட்டுப் பங்குபற்றுவதில் மட்டும் திளைத்துவிடுகிறார்கள். தகவல் தருபவரின் சொற்களை அப்படியே உண்மையாக ஏற்று அவரது ஊதுகுழலாக மாறிவிடுகிறார்கள். அனுதாபம் ஆய்வின் வாயிலைத் திறக்கும். ஆனால், அது ஆய்வுக்குப் பதிலாகாது. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த எச்சரிக்கை மானிடவியலாளருக்கு மாத்திரம் உரியதல்ல என்று நான் கருதுகிறேன்.

1985 இல் இராணுவ ஆட்சி முடிவுற்றது. 1986 இல் நடைபெற்ற எட்டாவது தேசிய சுகாதார மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் பங்குபற்றினர். 1988 இன் புதிய அரசியலமைப்பு, சுகாதாரத்தை அனைவருக்கும் உரிய உரிமையாகவும் அதனை வழங்குவதை அரசின் கடமையாகவும் பிரகடனம் செய்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டமொன்று சுகாதாரச் சபைகளில் பாதி இடங்கள் சேவையைப் பெறுவோருக்கே உரியவை என விதித்தது. கிழக்கு வலயத்துத் தாய்மார் ஒரு சுகாதார நிலையத்தின் வாசலில் ஆரம்பித்து வைத்த வழக்கம், அவர்களோடு இணைந்து போராடிய மருத்துவர்களின் துணையோடு, ஒரு தசாப்தத்தில் தேசத்தின் சட்டமாகியது. அரசு ஒரே கல்லால் ஆனது அல்ல என்ற ரூத்தின் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

1995 ஜனவரி

1993 இல் பிரேசிலின் அரச ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 'பசியின் வரைபடம்', நாட்டில் 3 கோடி 20 இலட்சம் பேர் போதிய உணவைப் பெறும் வசதியற்றிருப்பதாகக் கணித்தது. 'பெத்தீன்யோ' என அன்பாக அழைக்கப்பட்ட சமூகவியலாளர் ஹெர்பர்ட் டி சோசா தொடங்கிய பசிக்கு எதிரான பிரசாரம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தொண்டர் குழுக்களை உருவாக்கியது. அதன் வேகத்தில் அவ்வாண்டிலேயே தேசிய உணவுப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது.

1995 ஜனவரி முதலாம் திகதி பெர்னாண்டோ ஹென்றிக் கார்டோசோ ஜனாதிபதியாகப் பதவியேற்றார். பிரேசிலில் ஜனாதிபதியின் மனைவிக்கென ஓர் ஆசனம் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1942 இல் நாடு இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது, படைவீரர்களின் குடும்பங்களுக்கு உதவுவதற்காக ஜனாதிபதி வர்காஸின் துணைவி தார்சி வர்காஸ் ஆரம்பித்த 'பிரேசில் உதவிப் படையணி' காலப்போக்கில் நாட்டின் மாபெரும் நிவாரண நிறுவனமாக வளர்ந்திருந்தது. முதற் பெண்மணி அதற்குத் தலைமை தாங்குவது மரபு. பாலும் போர்வையும் பொதியும் கொடுப்பது அதன் வழி. நன்றியும் வாக்கும் பெறுவது அதன் பயன். 1991 இல் அன்றைய முதற் பெண்மணி ரொசான் கொலோர் ஊழல் குற்றச்சாட்டுக்களின் மத்தியில் அப்பதவியில் இருந்து விலக நேர்ந்தது.

புதிய அரசாங்கம் தனது முதல் நாளிலேயே அந்த நிறுவனத்தைக் கலைத்தது. அதே மாதத்தில் 'ஒருமைப்பாட்டுச் சமூகம்' என்ற வேலைத்திட்டம் உருவாக்கப்பட்டு, அமைச்சர்களும் சிவில் சமூகப் பிரமுகர்களும் அடங்கிய அதன் சபைக்கு ரூத் தலைவரானார். முதற் பெண்மணியின் கருணையாக இருந்ததை அரசும் சமூகமும் சேர்ந்து செய்யும் வேலையாக மாற்றுவதே தமது நோக்கம் என அவர் விளக்கினார். ஆயினும், உணவுப் பாதுகாப்புச் சபையும் அதே வேளையில் கலைக்கப்பட்டது என்பதை இங்கே மறைக்கலாகாது. பழைய கருணை நிறுவனத்தோடு, இயக்கத்தின் அழுத்தத்தால் பிறந்த இளம் நிறுவனமொன்றும் மறைந்தது.

என்ன செய்தார்கள்?

அடுத்த எட்டு ஆண்டுகளில் இந்தச் சபையின் நிழலில் பல திட்டங்கள் தோன்றின. விடுமுறைக் காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் மிக வறிய நகராட்சிகளுக்குச் சென்று சில வாரங்கள் தங்கிப் பணியாற்றினர். மாநகர்களின் வேலையற்ற இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சியை உள்ளூர் அமைப்புகளே முன்வைத்த கருத்திட்டங்களில் இருந்து போட்டி அடிப்படையில் தெரிந்து நிதியளித்தனர். 1998 இல் வடகிழக்கை வறட்சி வாட்டியபோது பாரம்பரியக் கைப்பணியாளர்களுக்கான திட்டமொன்று தொடங்கியது.

இவற்றுள் மிகப் பெரியது 1997 இல் ஆரம்பமான எழுத்தறிவுத் திட்டமாகும். எழுத்தறிவின்மை மிக அதிகமாக இருந்த 38 நகராட்சிகளில் அது தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகம் ஒரு நகராட்சியைப் பொறுப்பேற்றது. வகுப்பெடுப்பவர் தலைநகரில் இருந்து வருபவர் அல்லர். அந்த ஊரிலேயே சற்றுக் கூடுதலாகப் படித்த ஓர் இளைஞர் அல்லது யுவதி. அவருக்குப் பல்கலைக்கழகம் பயிற்சியளித்தது. செலவில் ஒரு பகுதியைக் கல்வி அமைச்சும் மறுபகுதியை நிறுவனங்களும் தனியாரும் ஏற்றனர். ஊரில் ஏற்கெனவே உள்ள ஆற்றலைக் கண்டெடுத்து அதன்மீது கட்டுவது என்ற முறையில், ஜப்பானியக் குடும்பங்களை ஆராய்ந்த மாணவியின் கையெழுத்தை நாம் இங்கே அடையாளம் காணலாம். ஐந்தாண்டுகளில் அத்திட்டம் ஏறத்தாழ இரண்டாயிரம் நகராட்சிகளுக்குப் பரவியது.

சட்டத்துறையிலும் ஒரு சுவடு உண்டு. சிவில் அமைப்புகளோடும் அமைச்சுகளோடும் சபை நடத்திய நீண்ட கலந்துரையாடல்களின் விளைவாக, பொதுநலன் கருதும் சிவில் அமைப்புகளுக்கான 9790 ஆம் இலக்கச் சட்டம் 1999 மார்ச்சில் நிறைவேறியது. அதற்கு முன்னர், ஓர் அமைப்புக்குப் பொதுப்பயன் அந்தஸ்து கிடைப்பது அதிகாரியின் மனமொப்புதலில் தங்கியிருந்தது. புதிய சட்டம் நிபந்தனைகளைப் பகிரங்கமாக வரையறுத்து, கணக்குகளை வெளியிடுவதையும் கட்டாயமாக்கியது. கேட்டுப் பெறும் தயவு, நிபந்தனையை நிறைவுசெய்து பெறும் உரிமையாகியது.

எதிர்ப்புக் குரல்கள்

இத்தனைக்கும் பிறகும் ரூத்தின் திட்டங்களைக் கடுமையாக விமர்சித்தவர்கள் வேறு யாருமல்லர், அவரது சொந்த அறிவுலகத்தினரே. அவர்களது வாதங்கள் இலகுவில் ஒதுக்கிவிடத் தக்கவை அல்ல.

முதலாவதாக, 1993 இலேயே நாட்டில் சமூக உதவிக்கான அடிப்படைச் சட்டம் நிறைவேறி, உதவியை உரிமையாக ஏற்று, அதற்கெனத் தேசிய சபை ஒன்றும் உருவாகியிருந்தது. அதனைப் பலப்படுத்தாமல், அதற்குச் சமாந்தரமாக, அங்கத்தவர்களை ஜனாதிபதி நியமிக்கும் இன்னொரு சபை எதற்கு என்று சமூகப்பணித் துறையினர் கேட்டனர். சுகாதாரச் சபைகளில் பாதி இடம் சேவை பெறுவோருக்கு உரியது. ஒருமைப்பாட்டுச் சமூகத்தின் சபையிலோ பிரமுகர்கள் இருந்தனர். பேராலயச் சதுக்கத்தில் கையொப்பங்களோடு நின்ற பெண்களின் இடம் எது என்ற கேள்விக்கு அந்தச் சபையின் அமைப்பில் பதில் இருக்கவில்லை.

இரண்டாவது விமர்சனம் மேலும் ஆழமானது. எழுத்தறிவுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்த 1996 இன் முடிவில், அடிப்படைக் கல்விக்கான புதிய நிதியத்தின் சட்டம் ஜனாதிபதியின் ஒப்பத்துக்கு வந்தது. மாணவர் தொகைக்கேற்பப் பணம் பகிரும் அந்த நிதியத்தில் இளைஞர், வளர்ந்தோர் கல்வி மாணவர்களைக் கணக்கிடும் பிரிவைப் பெர்னாண்டோ ஹென்றிக் தமது இரத்து அதிகாரத்தால் நீக்கினார். அதாவது, வளர்ந்தோர் கல்வியை அரசின் நிரந்தர நிதிப் பொறுப்பில் இருந்து ஒரு கை விலக்க, மறு கை அதே மக்களுக்காக நன்கொடையாளரைத் தேடியது. ஐந்து மாத வகுப்பு ஒருவருக்குத் தம் பெயரை எழுதக் கற்பிக்கும். அதன்பின் அவர் செல்வதற்குப் பாடசாலை வேண்டாமா? 1991 இல் 20 சதவீதமாக இருந்த எழுத்தறிவின்மை 2000 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 13.6 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால், அதில் பெரும்பங்கு சிறுவர் பாடசாலைகளின் விரிவாக்கத்துக்கே உரியது.

இந்த முரண்பாட்டுக்கு அரசியல் விஞ்ஞானி எவெலினா தக்னினோ 'விபரீதச் சங்கமம்' என்று பெயரிட்டார். சிவில் சமூகம், பங்குபற்றுதல், குடியுரிமை ஆகிய சொற்களை ஜனநாயகத்துக்காகப் போராடியவர்களும் பயன்படுத்தினர். அரசின் பொறுப்புகளைச் சுருக்க விரும்பியவர்களும் பயன்படுத்தினர். சொற்கள் ஒன்றே, திசைகள் எதிரெதிர். ரூத் எந்தத் திசையை மனதில் கொண்டிருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஒருவர் மனதில் கொண்டிருக்கும் திசையை விட, அவர் ஏறியிருக்கும் வண்டி செல்லும் திசையே முடிவைத் தீர்மானிக்கிறது.

பின்னர் வந்தவை

இதே காலத்தில் வேறொரு விதையும் முளைத்திருந்தது. 1995 இல் பிரேசிலியாவிலும் கம்பினாஸ் நகரிலும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் வறிய குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கும் திட்டங்கள் ஆரம்பமாகின. கார்டோசோ அரசு 2001 இல் அதனை நாடு முழுவதற்கும் விரித்து, வறிய குடும்பங்களுக்கான ஒரே பதிவேட்டையும் உருவாக்கியது. 2003 ஒக்டோபரில் ஜனாதிபதி லூலா அத்தகைய திட்டங்களை ஒன்றிணைத்து 'போல்சா பமீலியா' என்னும் குடும்ப உதவித்தொகையாக்கினார். பணம் பெரும்பாலும் தாயின் பெயரிலான அட்டைக்கே நேரடியாகச் சென்றது. 2006 அளவில் அது 1 கோடி 10 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை எட்டியது. 2014 இல் ஐக்கிய நாடுகளின் பசி வரைபடத்தில் இருந்து பிரேசில் நீங்கியது.

லூலா மீண்டும் அமைத்த உணவுப் பாதுகாப்புச் சபையை 2019 ஜனவரி முதலாம் திகதி பொல்சொனாரோ அரசாங்கம் தனது முதல் நாளிலேயே கலைத்தது. 2021 இல் போல்சா பமீலியாவின் பெயரும் அமைப்பும் மாற்றப்பட்டன. நாடு பசி வரைபடத்துக்குள் மீண்டும் சென்றது. 2023 இல் சபையும் உதவித்தொகையும் புத்துயிர் பெற்றன. 2025 இல் பிரேசில் அந்த வரைபடத்தில் இருந்து மறுபடியும் நீங்கியது. பொதுச் சுகாதார முறைமையோ, நிதிப் பஞ்சத்தையும் பெருந்தொற்றையும் கண்டபோதும், இக்கொந்தளிப்பு முழுவதிலும் நின்று நிலைத்தது. ஆணையால் பிறந்தவை ஆணையால் மறைந்தன. மக்கள் இயக்கம் போராடி அரசியலமைப்பில் எழுதுவித்தது எஞ்சியது.

இந்த ஒப்பீட்டில்தான் ரூத் கார்டோசோவின் சாதனையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. கருணையை ஆட்சியாளரின் வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று அவர் கண்டார். கண்டதோடு நில்லாது, தமக்கெனக் காத்திருந்த ஆசனத்தை உடைத்தார். 1995 க்குப் பின்னர் பிரேசிலில் எந்த ஜனாதிபதியின் மனைவிக்கும் பாலும் போர்வையும் வழங்கும் அந்தப் பழைய சாம்ராச்சியம் கிடைக்கவில்லை. எவராலும் மறுக்க முடியாத வெற்றி அது. ஆனால், அந்த ஆசனத்தின் இடத்தில் அவர் அமைத்த மேசையைச் சுற்றி, 1983 இல் அவரே அத்துணை நுட்பமாக விவரித்த பெண்கள் அமரவில்லை. இயக்கங்கள் தனித்துத் துண்டுபட்டுப் போகும் என்று எச்சரித்தவர், துண்டுகளை இணைக்கும் பணியைப் பங்காளர் நிறுவனங்களிடம் ஒப்படைத்தார். நிறுவனங்கள் திட்டங்களை நடத்தும். உரிமையைக் காவல் செய்யும் வேலை அவற்றுடையது அல்ல.

2008 இல் அவரது பூதவுடலுக்கு அஞ்சலி செலுத்த, கணவரின் நீண்டகால அரசியல் எதிராளியான ஜனாதிபதி லூலாவும் வந்திருந்தார். குடும்ப உதவித்தொகையின் தந்தை யார் என்று இரு கட்சியினரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தாய்மார் யார் என்று கேட்டிருந்தால் விடை தெளிவாகக் கிடைத்திருக்கும். தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு விலைப்பட்டியலைக் கையில் எடுத்த புறநகர்ப் பெண்களே அவர்கள். அவர்களை முதன்முதலில் ஆழ்ந்து நோக்கிய அறிஞர்களில் ஒருவர் என்ற பெருமை ரூத் கார்டோசோவுக்கு உரியது. 'முதற் பெண்மணி' என்பதை விட அதுவே அவர் ஏற்றிருக்கக்கூடிய பட்டம்.

நிவாரணம் வழங்கப்பட்டது, பயனாளிகள் பெற்றுக்கொண்டனர் என்ற இரு வாக்கியங்களோடு செய்திகளை முடித்துவிடுவது எமது தொழிலின் வழக்கம். அந்தப் பட்டியலை யார் தயாரித்தார், பெயர் விடுபட்டவர் எந்த வாசலில் சென்று முறையிடலாம், அந்த வாசலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரைத் தெரிவுசெய்வதில் அவருக்குப் பங்கு உண்டா என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். அவற்றை எப்படிக் கேட்பது என்பதை ரூத் கார்டோசோவின் எழுத்துக்கள் கற்றுத் தருகின்றன. அக்கேள்விகளை அவரது சொந்தத் திட்டங்களிடமும் கேட்பதே அவருக்குச் செய்யும் நேர்மையான மரியாதையாகும்.